ஹார்டு டிஸ்க் படுத்தாலும் டேட்டா எங்கேயும் போகாது! 1898-லேயே வழிகாட்டிய வால்டெமர் பவுல்சென் யார்?

ஹார்டு டிஸ்க்கில் இருந்து 'டக்... டக்...' என்று சத்தம் வந்தால், கல்யாண போட்டோ முதல் ஆபீஸ் ஃபைல் வரை எல்லாம் போச்சு என்றுதான் பலரும் முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் அது உண்மையில்லை. பதிவு இருந்த இடத்திலேயே இருக்கும். அதைப் படிக்கிற பகுதிதான் வேலை செய்யாது. பதிவு வேறு, படிக்கும் கருவி வேறு என்கிற இந்த ஏற்பாட்டைக் காந்தப் பதிவில் முதலில் செய்து காட்டியவர் டென்மார்க்கின் வால்டெமர் பவுல்சென்.

டிகிரி இல்லை, டெலிபோன் கம்பெனி வேலை

1869 நவம்பர் 23-ல் கோபன்ஹேகனில் பிறந்தவர் பவுல்சென். அப்பா உச்ச நீதிமன்ற நீதிபதி. பையனுக்கோ இயற்பியல் மேல்தான் ஆசை. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பட்டம் வாங்காமலேயே வெளியே வந்தார். 1893-ல் அந்த நகரத்தின் டெலிபோன் கம்பெனியில் தொழில்நுட்பப் பிரிவில் வேலை கிடைத்தது.

அந்தக் காலத்து டெலிபோனில் ஒரு பெரிய தொல்லை. மணி அடிக்கும்போது ஆள் இல்லை என்றால் விஷயம் அவ்வளவுதான், காற்றோடு போய்விடும். எடிசனின் ஃபோனோகிராஃப் ஏற்கெனவே இருந்தது. ஆனால், அதில் ஊசி கீறித்தான் குரல் பதிவாகும்; கேட்கக் கேட்கப் பதிவும் தேயும். கீறாமல் பதிய முடியாதா என்று யோசித்தார் பவுல்சென்.

அவர் செய்த சோதனை இன்றைக்குப் பார்த்தால் பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சி மாதிரி இருக்கும். ஒரு பியானோ கம்பியை இழுத்துக் கட்டினார். மைக்குடன் இணைத்த சின்ன மின்காந்தம் ஒன்றைக் கம்பி மேல் நகர்த்திக்கொண்டே பேசினார். குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மின்சாரம் கூடிக் குறைய, கம்பியில் அந்தந்த இடம் அந்தந்த அளவுக்குக் காந்தமானது. பிறகு மைக்கைக் கழற்றி, காதில் வைத்துக் கேட்கும் ரிசீவரை மாட்டி, மின்காந்தத்தை முதலில் இருந்து மறுபடி நகர்த்தினார். பேசியது அப்படியே திரும்பி வந்தது.

கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். பதிவைத் தாங்கி நிற்கக் கம்பிக்கு கரன்ட் தேவையில்லை. மின்காந்தம் பழுதானால் வேறொன்றை மாட்டலாம், கம்பியில் உள்ள குரலுக்கு ஒன்றும் ஆகாது. அதை அழிக்க ஒரே சுலபமான வழி, கம்பி மேல் இன்னொரு காந்தத்தை ஓட்டுவது. பவுல்சென் கருவியில் பழைய பதிவை அழித்ததும் அப்படித்தான்.

பேரரசரின் குரல்

1898 டிசம்பர் 1-ல் டென்மார்க்கில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கருவிக்குப் பெயர் டெலிகிராஃபோன். 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு. அங்கே வந்த ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் அதில் பேசினார். 120 ஆண்டுகள் தாண்டியும் அந்தக் குரலைக் கேட்க முடிகிறது. இன்று மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய காந்தப் பதிவு அதுதான்.

இவ்வளவு பெயர் வாங்கியும் காசு மட்டும் வரவில்லை. காரணம் சிம்பிள்: அப்போது ஆம்ப்ளிஃபையர் கிடையாது. ரிசீவரைக் காதோடு அழுத்தினால்தான் கேட்கும். இதை விற்க அமெரிக்காவில் தொடங்கிய கம்பெனியும் தடுமாறி நொடித்துப்போனது. பவுல்சென் அதற்குள் ரேடியோ பக்கம் திரும்பியிருந்தார். அவருடைய 'ஆர்க்' டிரான்ஸ்மிட்டரை அமெரிக்கக் கடற்படைகூடப் பயன்படுத்தியது.

1942-ல் பவுல்சென் இறந்தார். 14 ஆண்டுகள் கழித்து, 1956-ல் ஐபிஎம் முதல் ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்தது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், கொள்ளளவு வெறும் 50 லட்சம் எழுத்துகள்! கம்பிக்குப் பதில் தட்டு, மற்றபடி அடிப்படை அதே காந்தம்தான்.

சரி, டிஸ்க் படுத்தால் என்ன செய்யலாம்?

பவுல்சென் கணக்குப்படி, பழுது தட்டிலா, படிக்கும் பகுதியிலா என்பதுதான் முதல் கேள்வி. டிஸ்க் சத்தமில்லாமல், கண்டுகொள்ளப்படாமல் மட்டும் இருந்தால் செலவு குறைந்த வழியில் தொடங்கலாம். கேபிளை மாற்றுங்கள், வேறு போர்ட், வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். பல நேரம் வில்லன் கேபிள்தான்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் ஃபைல் திறக்க மாட்டேங்குது என்றால், விண்டோஸ் ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். ஓகே கொடுக்காதீர்கள். அதே டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதவும் கூடாது. அது கம்பி மேல் காந்தத்தை ஓட்டுகிற வேலை. லினக்ஸில் இயங்கும் 'டிடிரெஸ்க்யூ' என்கிற இலவச மென்பொருள், நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு வரும். எனவே உங்கள் செலவு, அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க் மட்டும். மீட்பு வேலையை அந்த நகலில்தான் செய்ய வேண்டும். அதற்கு 'டெஸ்ட்டிஸ்க்', 'ஃபோட்டோரெக்' இரண்டுமே இலவசம். மூலத்தையும் நகலையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள்.

'டக் டக்' சத்தம் வந்தால் நிலைமை வேறு. உடனே கரன்ட்டை நிறுத்துங்கள். படிக்கும் முனை தட்டின் மேல் நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. பழுதான முனை தட்டையே உரசினால், பதிவோடு சேர்ந்து காந்தப் பூச்சும் போய்விடும். வீட்டில் மூடியைத் திறப்பது, ஃப்ரீசரில் வைப்பது எல்லாம் வேண்டாத வேலை. தூசியும் ஈரமும் மிச்சத்தையும் கெடுக்கும். அதே மாடல் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை வாங்கி மாட்டுவதும் இப்போது பெரும்பாலும் பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித்தனியான அளவுத் தகவல்கள் அதன் போர்டில் உள்ள சிப்பில் இருப்பதால், அந்தச் சிப்பையும் மாற்ற வேண்டும். இந்த இடத்தில் ஆய்வகத்துக்குப் போவதுதான் ஒரே வழி, செலவும் அதிகம். டேட்டா கிடைத்தால் மட்டும் கட்டணம் என்கிற நிறுவனமா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இதெல்லாம் சுழலும் தட்டு உள்ள ஹார்டு டிஸ்க்குக்கு மட்டும். புது லேப்டாப்களில் வரும் எஸ்எஸ்டியில் காந்தமே இல்லை, சிப்பில் மின்னூட்டமாகத்தான் பதிவு இருக்கிறது. அதில் ஃபைலை டெலீட் செய்தால், 'டிரிம்' என்கிற வசதி கொஞ்ச நேரத்திலேயே அந்த இடத்தைத் துடைத்துவிட வாய்ப்பு அதிகம். அங்கே பேக்கப் ஒன்றைத்தான் நம்ப முடியும்.