வலைக்கு முன்னால் நின்றவர்

சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில் தோட்டங்கள் மிகுதி. கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை முதலிய இடங்களைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர் மரங்களும் செம்பனை மரங்களும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நின்றன. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமாரம் தோட்டம் 1917ஆம் ஆண்டு கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. இத்தகைய தோட்டங்களில் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இருந்ததைப் போலவே ஒரு திடலும் இருந்தது. பால்மரக் காட்டில் வேலை முடித்துத் திரும்பிய இளைஞர்கள் மாலையில் அங்குக் காற்பந்து விளையாடினார்கள்.

அந்தத் திடல்களில் எழுதப்படாத ஒரு வழக்கம் இருந்தது. நன்றாக ஓடுபவர்களும் பந்தை உதைப்பவர்களும் முன்னால் நிற்பார்கள். ஆடத் தெரியாதவனைக் கோல் கம்பங்களுக்கு நடுவில் நிறுத்துவார்கள். பந்து வலைக்குள் புகுந்துவிட்டால் பழி முழுவதும் அவன் தலையில் விழும். எவரும் விரும்பாத அந்த இடத்தை நாடே வியந்து பார்க்கும்படி செய்தவர் ஒருவர் இதே சிலாங்கூர் மாநிலத்திலிருந்து தோன்றினார். அவர்தான் ஆர். ஆறுமுகம்.

ஆறுமுகம் 1953ஆம் ஆண்டு பிறந்தவர். கிள்ளான் வட்டாரத்தைச் சேர்ந்தவர். 1970ஆம் ஆண்டுகளில் சிலாங்கூர் குழுவின் கோல் காவலராகப் புகழ்பெற்றார். பின்னர் தேசியக் குழுவிலும் இடம்பெற்று, பத்தாண்டுகளுக்கும் மேலாக நாட்டுக்காக விளையாடினார். அவருடைய கைகள் நீளமானவை. எட்டாது என்று எல்லாரும் நினைத்த பந்தையும் அவர் பாய்ந்து தட்டிவிடுவார். அதனால் இரசிகர்கள் அவரை ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைத்தார்கள். அந்தப் பட்டப்பெயர் இனம், மொழி கடந்து எல்லார் வாயிலும் வழங்கியது.

கோல் காவலரின் பணி எளிதானதன்று. அவர் காக்க வேண்டிய கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். தாக்குதல் ஆட்டக்காரர் பந்தைத் தவறவிட்டால் நடுத்திடலில் இருப்பவர் அதை மீட்கலாம். நடுத்திடலில் இருப்பவர் தவறினால் தற்காப்பு ஆட்டக்காரர் தடுக்கலாம். கோல் காவலருக்குப் பின்னால் இருப்பது வலை மட்டுமே. மற்றவர்கள் செய்யும் பத்துத் தவறுகளை இரசிகர்கள் மறந்துவிடுவார்கள். கோல் காவலர் செய்யும் ஒரு தவறோ எண்ணிக்கைப் பலகையில் ஏறி நிற்கும்.

அந்த இடத்திற்கு வேறொரு சிறப்பும் உண்டு. திடலில் உள்ள பதினொருவரில் ஆட்டம் முழுவதையும் நேர்முகமாகப் பார்ப்பவர் கோல் காவலர் ஒருவரே. முன்னால் நிற்கும் தற்காப்பு ஆட்டக்காரருக்குத் தம் முதுகுக்குப் பின்னால் யார் ஓடி வருகிறார் என்பது தெரியாது. அதைக் குரல் கொடுத்துச் சொல்ல வேண்டியவர் கோல் காவலர். எதிரணிக்குத் தனி உதை கிடைக்கும்போது சுவர் போல் நிற்கும் ஆட்டக்காரர்களை இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்த்துபவரும் அவரே. உயரப் பறந்து வரும் பந்தைத் தாமே பிடிக்கப்போவதாக அவர் உரிய நேரத்தில் அறிவிக்காவிட்டால், இருவர் ஒரே பந்துக்குப் பாய்ந்து மோதிக்கொள்வார்கள்.

ஆறுமுகம் விளையாடிய காலத்தில் இந்தப் புரிந்துணர்வு இன்னும் முக்கியமாக இருந்தது. தற்காப்பு ஆட்டக்காரர் காலால் பின்னோக்கி அனுப்பும் பந்தைக் கோல் காவலர் கையால் எடுத்துக்கொள்ள அன்றைய விதி இடம் தந்தது. அந்த விதி 1992ஆம் ஆண்டில்தான் மாற்றப்பட்டது. ஆகவே, நெருக்கடி நேரத்தில் தற்காப்பு ஆட்டக்காரர் திரும்பிப் பார்க்காமலே பந்தைப் பின்னால் தட்டிவிடுவார். அங்கு ஒருவர் காத்திருக்கிறார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அது முடியும்.

அந்த நம்பிக்கை குரலின் தன்மையைப் பொறுத்தது. திடலில் எழும் குரல்கள் இருவகைப்படும். ஆபத்து வரும் முன் எழும் குரல் வழிகாட்டும். கோல் விழுந்த பின் எழும் குரல் பழி சுமத்தும். முதல் குரலைக் கேட்ட ஆட்டக்காரர் தம் இடத்தைச் சரிசெய்துகொள்வார். பல்லாயிரம் பேர் முன்னிலையில் கையை விரித்து, விரலை நீட்டிக் குறைகூறும் இரண்டாவது குரலைக் கேட்டவரோ அடுத்த பந்து வரும்போது தயங்குவார். எதிரணிக்கு அந்தத் தயக்கமே போதும். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்னும் பழமொழி காற்பந்துத் திடலுக்கும் பொருந்தும். தவறைச் சுட்டிக்காட்டவே கூடாது என்பதில்லை. ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக்குச் சென்ற பின், பயிற்றுநர் முன்னிலையில் அதைப் பேசித் தீர்க்க நேரம் உண்டு.

ஆறுமுகம் இடம்பெற்ற தேசியக் குழு பல இனத்தவரைக் கொண்டிருந்தது. அவருக்கு முன்னால் தற்காப்பில் சோ சின் ஆன், சந்தோக் சிங் ஆகியோர் நின்றனர். தாக்குதலில் மொக்தார் டஹாரி, ஜேம்ஸ் வோங், ஹசான் சானி முதலியோர் ஆடினர். வெவ்வேறு வீடுகளில் வெவ்வேறு மொழி பேசி வளர்ந்தவர்கள், திடலில் ஒரே குரலுக்குச் செவிசாய்த்தார்கள். 1977ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலும் 1979ஆம் ஆண்டில் ஜகார்த்தாவிலும் நடந்த சீ விளையாட்டுப் போட்டிகளில் மலேசியா காற்பந்தில் தங்கப் பதக்கம் வென்றது.

1980ஆம் ஆண்டு இந்தக் குழுவின் வரலாற்றில் மறக்க முடியாதது. மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்கான தகுதிச் சுற்று கோலாலம்பூரில் நடைபெற்றது. இறுதி ஆட்டத்தில் மலேசியாவும் தென்கொரியாவும் மெர்டேக்கா அரங்கத்தில் மோதின. ஹசான் சானி அனுப்பிய பந்தை ஜேம்ஸ் வோங் கோலாக்கினார். மலேசியா 2–1 என்ற கோல் கணக்கில் வென்றது. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கிற்குப் பிறகு மலேசியக் காற்பந்துக் குழு மீண்டும் ஒலிம்பிக் வாசலை எட்டியது. தோட்ட லயங்களிலும் பட்டணத்து வீடுகளிலும் அந்த வெற்றி ஒரே நேரத்தில் கொண்டாடப்பட்டது.

ஆயினும், அந்த வாசலைக் கடக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகள் புகுந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. மலேசியாவுக்குப் பதிலாகச் சென்ற ஈராக் காலிறுதிச் சுற்று வரை முன்னேறியது. வியர்வை சிந்தி வென்ற இடத்தில் வேறொரு நாடு ஆடியதை நம் வீரர்கள் தொலைவிலிருந்து பார்க்க நேர்ந்தது. அந்த இழப்புக்குத் திடலில் இருந்த எவரும் காரணமல்லர்.

அதே ஆண்டில் சிலாங்கூர் குழுவுக்கும் ஓர் அடி விழுந்தது. மலேசியக் கிண்ண இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூர் 2–1 என்ற கோல் கணக்கில் சிலாங்கூரை வென்றது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூரை வென்றிருந்த குழு அது. தோல்விக்குப் பின் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிக்கொண்டு சிதறிப்போன குழுக்கள் உலகில் பல உண்டு. சிலாங்கூரோ அடுத்த ஆண்டே மீண்டும் இறுதி ஆட்டத்திற்கு வந்தது. 1981ஆம் ஆண்டில் அதே சிங்கப்பூரை 4–0 என்ற கோல் கணக்கில் வீழ்த்திக் கிண்ணத்தை மீட்டது.

தேசியக் குழுவின் தலைவர் என்ற பொறுப்பு 1980ஆம் ஆண்டில் சோ சின் ஆனிடம் இருந்தது. தலைவரின் கைப்பட்டையை அணிந்தவர் ஒருவர்தான். ஆனால், தலைமைத்துவம் அந்தப் பட்டையோடு முடிந்துவிடுவதில்லை. முன்வரிசையில் ஓடி வழிகாட்டுபவர் ஒரு வகைத் தலைவர். எல்லாருக்கும் பின்னால் நின்று, அவர்களால் பார்க்க முடியாததைப் பார்த்துச் சொல்லி, அவர்கள் தவறவிட்ட பந்தைத் தம் உடலால் தடுப்பவரும் தலைவரே. கோல் கம்பங்களுக்கு நடுவில் ஆறுமுகம் ஏற்றிருந்த பொறுப்பு அத்தகையது.

1988ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சாலை விபத்தொன்றில் ஆறுமுகம் காலமானார். அப்போது அவருக்கு வயது 35. மூன்று ஆண்டுகளுக்குள் மொக்தார் டஹாரியும் நோயால் மறைந்தார். சிலாங்கூர் இரசிகர்கள் தங்கள் கோலைக் காத்தவரையும் எதிரணியின் கோலைத் துளைத்தவரையும் அடுத்தடுத்து இழந்தார்கள்.

1980ஆம் ஆண்டுக் குழுவை அடிப்படையாகக் கொண்டு, கற்பனையும் கலந்து உருவாக்கப்பட்ட ‘ஓலா போலா’ என்ற திரைப்படம் 2016ஆம் ஆண்டு வெளிவந்தது. குழுத் தலைவரின் கடுமையும் ஆட்டக்காரர்களுக்கிடையே எழும் பூசலும் அவர்கள் மீண்டும் ஒன்றுசேரும் விதமும் அதில் காட்டப்பட்டன. அந்தக் கதையிலும் கோலைக் காப்பவர் ஒரு தமிழ் இளைஞர். ஆறுமுகத்தின் ஆட்டத்தைக் காணாத தலைமுறை, அந்தப் பாத்திரத்தின் வழியாக அவரைப் பற்றிக் கேட்டு அறிந்தது.

பத்தாங் பெர்ஜுந்தை இன்று பெஸ்தாரி ஜெயா என்று வழங்கப்படுகிறது. பழைய தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. திடல்கள் சில எஞ்சியிருக்கின்றன. அங்கு மாலையில் ஆடும் சிறுவர் குழுவிலும் ஒருவன் கோல் கம்பங்களுக்கு நடுவில் நிற்கிறான். பந்து அவனைத் தாண்டி வலைக்குள் விழும்போது, மற்ற பத்துப் பேரும் அவனைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தக் கணத்தில் அவர்கள் வாயிலிருந்து வரும் சொல்லே அவர்கள் ஒரு குழுவா, பதினொரு தனி ஆட்டக்காரர்களா என்பதைக் காட்டிவிடும்.