ஓமக்குளத்து ஆசிரியர் சகஜானந்தர்

சிதம்பரம் ஓமக்குளம் பக்கம் போகிறவர்கள் நந்தனார் பள்ளியைக் கடந்திருப்பார்கள். பலருக்கு அது இன்னொரு அரசுப் பள்ளி, அவ்வளவுதான். அதில் படித்தவர்களிலேயே சிலர், நாயன்மார் பெயரை அரசாங்கம் வைத்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெயரை வைத்தவரும், அந்த இடத்தில் முதன்முதலில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் தொடங்கியவரும் சுவாமி சகஜானந்தர்.

ஆரணிக்குப் பக்கத்தில் மேல்புதுப்பாக்கத்தில் 1890 ஜனவரி 27 அன்று பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் சேர்த்தார்கள். நன்றாகப் படிக்கிற பையன். வேதாகமப் பாடத்திலும் முன்னால் நின்றான். மதம் மாற வேண்டும் என்ற பேச்சு வந்தபோது அவர் இசையவில்லை. பள்ளிப் படிப்பு அங்கேயே நின்றுபோயிற்று.

இதை வைத்து மிஷன் பள்ளிகளைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. ஊர்ப் பள்ளிக்கூடம் நம் பிள்ளைகளைத் திண்ணையில்கூட ஏற்றாத காலத்தில், எழுத்தைக் கையில் கொடுத்தவர்களில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் படிக்க வந்த பிள்ளையின் முன் வேறொரு நிபந்தனையை வைத்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதைச் சகஜானந்தர் சிறு வயதிலேயே தன் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டார். பின்னால் அவர் செய்த வேலையை இங்கிருந்துதான் பார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

அடுத்து கோலார் தங்கவயல். வடாற்காட்டுச் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் சுரங்க வேலைக்குப் போன இடம் அது. பண்ணையாரின் கண்ணில் படாமல் கூலியைக் காசாக வாங்கலாம் என்பதே பெரிய விடுதலையாக இருந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தம் மாரிக்குப்பத்தில் வேர்பிடித்ததும் ஏறக்குறைய அந்த ஆண்டுகளில்தான். இந்த இளைஞர் போன வழி வேறு. ஆன்மிக நாட்டம் அவரைச் சென்னை வியாசர்பாடிக்குக் கொண்டுவந்தது. அங்கே கரபாத்திர சுவாமிகளிடம் சீடரானார். தமிழும் வடமொழியும் சாத்திரங்களும் கற்றார். சகஜானந்தர் என்ற பெயரும் அங்கே கிடைத்ததுதான். சேரியில் பிறந்த ஒருவர் வடமொழி நூல்களைக் குருவிடம் பாடம் கேட்டார் என்பது அந்தக் காலத்துக்குச் சின்னச் செய்தி அல்ல.

1910இல் சிதம்பரம் வந்தார். ஏன் சிதம்பரம்? நந்தனார் கதை தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். பெரியபுராணத்தில் ஆதனூரிலிருந்து தில்லைக்கு வரும் திருநாளைப்போவார், ஊர் எல்லையிலேயே நின்றுவிடுகிறார். தீயில் மூழ்கி எழுந்த பிறகே அவருக்கு உள்ளே வழி கிடைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய கதையில் அதட்டுகிற பண்ணையாரும் சேர்ந்துகொண்டார். அந்தத் தீயை வளர்த்த இடம் என்று மக்கள் நம்புகிற இடம்தான் ஓமக்குளம்.

அங்கே 1916இல் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் தொடங்கி, 25 பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தைத் திறந்தார். நம்மில் சிலருக்கு நந்தனார் என்ற பெயரே உறுத்தும். நெருப்பில் இறங்கினால்தான் கோயில் என்ற கதையை ஏன் தூக்கிப்பிடிக்க வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நெருப்பு மூட்டியதாகச் சொன்ன இடத்திலேயே சிலேட்டும் பலகையுமாகப் பிள்ளைகளை உட்காரவைத்தது அந்தக் கதைக்குச் சொன்ன பதிலாகவே நமக்குப் படுகிறது.

அந்தப் பிள்ளைகள் யார்? சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து நெல்வயல்களில் பண்ணையாளாக இருந்தவர்களின் மக்கள். நடவு, அறுப்பு என்றால் பிள்ளையும் வயலுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் பண்ணை மாட்டை மேய்க்க வேண்டும். பள்ளிக்கூடம் மட்டும் கட்டினால் வகுப்பு காலியாகத்தான் கிடக்கும். தங்க இடமும் வேளைக்குச் சோறும் இருந்தால்தான் பெற்றோர் துணிந்து அனுப்புவார்கள். விடுதி நடத்துவது பாடம் நடத்துவதைவிடக் கடினமான வேலை. விடுதியில் படித்து வந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நன்கொடை கேட்டுப் பல படிகள் ஏறியே இதையெல்லாம் நடத்தினார்.

1927இல் காந்தி சிதம்பரம் வந்தபோது, மடத்தில் சிவலோகநாதர் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். சிவலோகநாதர் என்பது திருப்புன்கூர் சாமியின் பெயர். வெளியே நின்ற நந்தனாருக்காக நந்தியை விலகச் சொன்னதாகப் புராணம் சொல்லும் சாமி. நடராஜர் கோயில் கோபுரம் பக்கத்திலேயே இருந்தும் இந்தப் பிள்ளைகளுக்கு அப்போது அனுமதி இல்லை. சென்னை மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947இல்தான் வந்தது. பள்ளி தொடங்கி 31 ஆண்டுகளுக்குப் பிறகு!

1926 முதல் சட்டமன்றப் பணியும் சேர்ந்தது. 1952, 1957 தேர்தல்களில் காங்கிரஸ் சார்பில் சிதம்பரம் தொகுதியில் வென்றார். அப்போது அது இரண்டு உறுப்பினர் தொகுதி. அவரது அரசியலில் நமக்கு மாறுபாடு உண்டு. அம்பேத்கர் தனி அரசியல் பேசிக்கொண்டிருந்த காலத்தில் இவர் காங்கிரசில் நின்றார், சைவத்திலும் நின்றார். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காவி உடுத்த ஒருவர் முத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிராமல், சேரிக்குக் கல்வி வேண்டும், கோயிலுக்குள் நுழையும் உரிமை வேண்டும் என்று சபையில் எழுந்து நின்று கேட்டதையும் மறைக்கக் கூடாது.

1959 மே 1 அன்று காலமானார். அப்போதும் சட்டமன்ற உறுப்பினர்தான். திருமணம் இல்லை, தனக்கென்று சொத்து இல்லை. பள்ளி தொடங்கி அப்போது 43 ஆண்டுகள் ஆகியிருந்தன. இடையில் படித்து வெளியே போனவர்களில் பலர், தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவர்கள்.

இன்று ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக அரசு நந்தனார் மேல்நிலைப் பள்ளிகள் நடக்கின்றன. சுவாமிக்குச் சிதம்பரத்தில் மணிமண்டபமும் உண்டு. அவருடைய சட்டமன்ற உரைகள் தொகுக்கப்பட்டு நூலாகவும் வந்திருக்கின்றன. நம் மாணவர்கள் ஒரு வேலை செய்யலாம். நாளை பள்ளி நூலகத்துக்குப் போய் அந்தப் புத்தகத்தைக் கேளுங்கள். அலமாரியில் இல்லையென்றால், வாங்கித் தரச் சொல்லித் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்.