மூன்றாம் மாடியில் முடியாத வழக்கு

ஹாஸ்டல் மூன்றாம் மாடிவாசிகளுக்கு இந்த வழக்கு ஞாபகம் இருக்கும். ராக், ப்ளூஸ் இரண்டிலும் சேர்த்து, தலைசிறந்த எலெக்ட்ரிக் கிடார் ஸோலோ எது? மெஸ்ஸில் ஆரம்பித்து விடியற்காலை டீக்கடை வரை போகும். 'ஹோட்டல் கலிஃபோர்னியா' கட்சிக்கு எப்போதும் மெஜாரிட்டி. அடுத்தது 'ஸ்டேர்வே டு ஹெவன்'. பிங்க் ஃப்ளாய்ட் ஆசாமிகள் விளக்கை அணைத்துவிட்டுத்தான் வாதத்தையே தொடங்குவார்கள். பி.பி. கிங் பெயரைச் சொன்ன ஒரே ஒரு சிவில் மாணவனை யாரும் சட்டை செய்யவில்லை. (அவன் பக்கம் நியாயம் இருந்தது என்று இப்போது படுகிறது.) நான் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கட்சி. அப்போது சரியாக வாதாடத் தெரியவில்லை. இப்போது மலரில் இடம் கொடுத்திருக்கிறார்கள், விடுவேனா?

ஹென்ட்ரிக்ஸ் 1942 நவம்பர் 27-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். அப்பா அல் அப்போது ராணுவத்தில். அம்மா லூசிலுக்கு வயது 17. அம்மா வைத்த பெயர் ஜானி ஆலன். போர் முடிந்து திரும்பிய அப்பா அதை ஜேம்ஸ் மார்ஷல் என்று மாற்றினார். வீட்டில் வறுமையும் குடியும் சண்டையும். பெற்றோர் பிரிந்தார்கள். 1958-ல் அம்மா இறந்துபோனார். அதற்குச் சற்று முன்பு, அப்பாவோடு ஒரு வீட்டைக் காலி செய்யப் போன இடத்தில், குப்பையோடு குப்பையாக ஒரு உகுலேலே கிடைத்தது. அதில் ஒரே ஒரு கம்பி. அந்த ஒற்றைக் கம்பியில்தான் பையனின் சங்கீதம் ஆரம்பம். பிறகு 5 டாலருக்கு ஒரு பழைய கிடார்.

1961-ல் திருட்டுக் காரில் போய் மாட்டிக்கொண்டார். ஜெயிலா, ராணுவமா என்ற நிலையில் ராணுவத்தைத் தேர்ந்தெடுத்தார். 101-வது வான்படைப் பிரிவில் பாராசூட் வீரர். அங்கே ஒரு கட்டிடத்துக்குள் இவர் வாசித்துக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகக் கேட்டு உள்ளே வந்தவர்தான் பில்லி காக்ஸ். இந்த இரண்டையும், அதாவது 101-வது பிரிவையும் பில்லி காக்ஸையும், கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1962-ல் ராணுவத்தை விட்டு வெளியே வந்தபின் நாலு வருஷம் ஊர் ஊராகப் பக்கவாத்தியம். ஐஸ்லி பிரதர்ஸ், லிட்டில் ரிச்சர்ட் போன்றவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தார். 1965-ல் 1 டாலர் முன்பணம், 1 சதவீத ராயல்டி என்று ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும் தம்பி தங்கைகள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று போகலாம்.

1966 செப்டம்பரில் சாஸ் சாண்ட்லர் அவரை லண்டனுக்கு அழைத்துப் போனார். போய் ஒரு வாரம்தான். அக்டோபர் 1, ரீஜென்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் க்ரீம் குழுவின் கச்சேரி. ஆமாம், நம்மைப்போல ஒரு காலேஜ் மேடைதான்! எரிக் கிளாப்டன் அங்கே கிட்டத்தட்ட தெய்வம். அந்த மேடையில் ஏறி ஹௌலிங் உல்ஃபின் ப்ளூஸ் பாட்டு ஒன்றைத் தறிகெட்ட வேகத்தில் ஹென்ட்ரிக்ஸ் வாசிக்க, கிளாப்டன் கை தானாக நின்றுவிட்டது.

இனி நம்ம சப்ஜெக்ட். இவர் இடது கைக்காரர். வலது கைக்காரருக்கான ஸ்ட்ராடோகாஸ்டர் கிடாரைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை மட்டும் மாற்றிக் கட்டி வாசித்தார். பிரிட்ஜ் பக்கத்து பிக்கப் சாய்வாக இருக்கும். கிடாரைக் கவிழ்த்ததும் சாய்வும் கவிழும். தடித்த கம்பிகளின் ஒலி கூர்மையாகி, மெல்லிய கம்பிகளின் ஒலி சற்றே மிருதுவாகிவிடும். அடுத்தது ஃபீட்பேக். ஸ்பீக்கரின் சத்தம் கம்பியை அதிர வைக்கும். அந்த அதிர்வு பிக்கப் வழியாக மறுபடி ஆம்ப்ளிஃபையருக்குப் போகும். கெயின் போதுமானதாக இருந்து ஃபேஸும் பொருந்தினால் ஸ்வரம் சாகாமல் நிற்கும். லேபில் நாம் ஆம்ப்ளிஃபையர் கட்டும்போது அது ஊளையிட்டால் வைவாவில் மார்க் போய்விடும். அவர் அந்த ஊளையை ராகமாக்கினார். ஸ்பீக்கர் முன் எங்கே நிற்பது, எப்படித் திரும்புவது என்பதெல்லாம் அவருக்கு வாசிப்பின் பகுதி.

1967 ஜூனில் மான்டெரே விழாவில் கிடாருக்குத் தீ வைத்ததை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு மரியாதை இல்லை. கிடாரைக் கொளுத்த எவனாலும் முடியும். அடுத்த ஆண்டு வெளிவந்த, பாப் டைலன் எழுதிய 'ஆல் அலாங் த வாட்ச்டவர்' பாட்டின் ஸோலோவைக் கேளுங்கள். நாலு பகுதி. முதலில் சாதா வாசிப்பு. பிறகு கம்பி மேல் வழுக்கிப் போவது. பிறகு வா-வா பெடல். கடைசியில் வெறும் ஸ்ட்ரம்மிங். நாலும் நாலு குரல், ஆனால் ஒரே பேச்சு. டைலனே பின்னாளில் மேடையில் இவர் வழியை ஒட்டித்தான் பாடினார். மூன்றாம் மாடியில் நான் நிறுத்திய சாட்சி இதுதான். தோற்றேன்.

இன்றைக்கு வேறு சாட்சி வைத்திருக்கிறேன். 1970 ஜனவரி 1, நியூயார்க், ஃபில்மோர் ஈஸ்ட். பாஸ் கிடாரில் அதே பில்லி காக்ஸ், டிரம்ஸில் பட்டி மைல்ஸ். பாட்டு 'மெஷின் கன்'. தன் பழைய 101-வது பிரிவு அப்போது வியட்நாமில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. தன்னோடு பாராசூட்டில் குதித்தவர்களில் யார் உயிரோடு என்று அவருக்குத் தெரிந்திருக்குமா? டிரம்ஸ் துப்பாக்கி மாதிரி படபடக்கிறது. ஸோலோ ஆரம்பிக்கும்போது அவர் ஒரே ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பிடிக்கிறார். விடவே மாட்டேன் என்கிறார். அது யாரோ அலறுவது போலவும் இருக்கிறது, சைரன் போலவும் இருக்கிறது. வேகத்தை வைத்து மார்க் போடுகிறவர்களுக்கு இதில் எண்ண ஒன்றும் கிடைக்காது.

சோகம் என்னவென்றால், இந்தக் கச்சேரி ஆல்பமாக வந்ததே அந்த 1 டாலர் ஒப்பந்த வழக்கைத் தீர்க்கத்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க்கில் தனக்கென்று கட்டிய எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவைத் திறந்தார். செப்டம்பர் 18-ல் லண்டனில், தூக்க மாத்திரை அதிகமாகி, வாந்தி மூச்சை அடைத்து இறந்தார். வயது 27. புகழோடு இருந்தது சுமார் நாலு வருஷம், கிட்டத்தட்ட நம்ம பி.ஈ. கோர்ஸ் அளவு. மகனின் இசை உரிமைகளை வழக்காடி மீட்க அப்பா அல்லுக்கு 1995 வரை ஆனது.

ரீயூனியன் அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, பழைய இடத்திலேயே, 'மெஷின் கன்' முழுசாகப் போடப் போகிறேன். பன்னிரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். 'ஹோட்டல் கலிஃபோர்னியா' கட்சிக்காரர்கள் அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. அந்த சிவில் நண்பன் வந்தால், பி.பி. கிங் பாட்டோடு வரச் சொல்லுங்கள்.