வில்லிஸ் கேரியர்

வில்லிஸ் ஹேவிலண்ட் கேரியர் (நவம்பர் 26, 1876 - அக்டோபர் 7, 1950) ஓர் அமெரிக்கப் பொறியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். தற்கால வளிபதனத்தின் தந்தை என இவர் பரவலாக அறியப்படுகிறார். எனினும் இவரது தொழில் வாழ்வு குளிரூட்டலில் தொடங்கவில்லை. தொழிற்சாலைகளின் நீராவிச் சூடாக்கம், காற்றோட்டம் ஆகிய துறைகளிலேயே தொடங்கியது.

இளமையும் கல்வியும்

கேரியர் நியூ யார்க் மாநிலத்தின் அங்கோலா என்னும் சிற்றூரில், வேளாண் குடும்பமொன்றில் பிறந்தார். சிறுவயதில் பின்னங்களைப் புரிந்துகொள்ளச் சிரமப்பட்டபோது, இவருடைய தாய் ஆப்பிள் பழங்களைத் துண்டுகளாக வெட்டிக் காட்டி விளக்கினார். தாய் இறந்தபோது இவருக்கு வயது 11. பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்று 1901 இல் பொறியியல் பட்டம் பெற்றார்.

பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனத்தில்

பட்டம் பெற்ற அதே ஆண்டில் பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனத்தில் வாரம் 10 டாலர் ஊதியத்தில் சேர்ந்தார். இந்நிறுவனம் காற்றாடிகளையும் சூடாக்கிகளையும் செய்து வந்தது. நீராவி பாயும் குழாய்ச் சுருள்களின் மீது காற்றாடி மூலம் காற்றைச் செலுத்தி, அச்சூடான காற்றைத் தொழிற்கூடங்களுக்கு அனுப்புவது அக்கால வழக்கம். ஒரு கட்டடத்திற்கு எவ்வளவு நீளக் குழாய் தேவை என்பதைப் பெரும்பாலும் அனுபவத்தைக் கொண்டே முடிவு செய்தனர். குறைவாகப் போட்டால் கட்டடம் சூடாகாது. மிகுதியாகப் போட்டால் பொருளும் எரிபொருளும் வீணாகும். கேரியர் சுருள்களின் மீது வெவ்வேறு வேகங்களில் காற்றைச் செலுத்தி, அது பெறும் வெப்பத்தை அளந்து அட்டவணைகளாக்கினார். இதனால் சூடாக்கிகளைக் கணக்கிட்டு வடிவமைக்க முடிந்தது.

அச்சகச் சிக்கல்

1902 இல் புரூக்ளினில் இருந்த சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் அச்சகத்தின் சிக்கல் இவரிடம் வந்தது. காற்றின் ஈரப்பதன் மாறும்போது தாள் விரிந்து சுருங்கியது. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே அச்சிட வேண்டியிருந்ததால் நிறங்கள் ஒன்றன் மீது ஒன்று சரியாகப் பொருந்தவில்லை. கேரியர் தாம் நன்கறிந்த நீராவிச் சுருளையே எடுத்து, அதனுள் நீராவிக்குப் பதிலாகக் குளிர்நீரைச் செலுத்தினார். குளிர்ந்த சுருளின் மீது காற்றிலுள்ள நீராவி ஒடுங்கி நீர்த்துளிகளாக வடிந்தது. குளிர்காலத்தில் துளையிட்ட நீராவிக் குழாய்கள் மூலம் காற்றுக்கு ஈரம் சேர்க்கப்பட்டது. ஆண்டு முழுவதும் 55 விழுக்காடு ஈரப்பதனைப் பேணுவதே நோக்கம். இவ்வமைப்பே தற்கால வளிபதனத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

காற்றுக் கழுவி

பின்னர் பிட்ஸ்பர்க் தொடருந்து நிலையத்தில் மூடுபனியைக் கண்டபோது இவருக்கு ஒரு கருத்துத் தோன்றியது. மூடுபனி என்பது ஈரத்தால் நிறைவுற்ற காற்று. எனவே காற்றைக் குளிர்நீர்த் தூவலின் ஊடாகச் செலுத்தி நிறைவுறச் செய்தால், நீரின் வெப்பநிலையைக் கொண்டே காற்றிலுள்ள ஈரத்தின் அளவை நிலைநிறுத்தலாம். நீரைக் கொண்டே காற்றை உலர்த்துவது முரண்பாடாகத் தோன்றினாலும், நீர் காற்றின் பனிநிலையை விடக் குளிர்ந்திருந்தால் காற்று ஈரத்தை இழக்கும். இத்தூவல் தூசியையும் அகற்றியது. இக்கருவிக்கு 1906 சனவரி 2 அன்று காப்புரிமம் வழங்கப்பட்டது.

பஞ்சாலைகளுக்கு இதற்கு எதிரான தேவை இருந்தது. நிறைவுற்ற 0 பாகை செல்சியஸ் காற்றை 20 பாகைக்குச் சூடாக்கினால், அதன் சார்பு ஈரப்பதன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும். காற்றிலுள்ள நீரின் அளவு மாறாதபோதும், நீரை ஏற்கும் அதன் திறன் பெருகுவதே காரணம். இவ்வாறு உலர்ந்த காற்றில் நூல் அறுந்தது; நிலைமின்னும் தோன்றியது. 1906 இல் வட கரோலினாவின் பெல்மாண்ட் நகரப் பஞ்சாலை ஒன்றில் கேரியரின் கருவி நிறுவப்பட்டது. சுழலும் கதிர்கள் வெளியிடும் வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதை இப்பணி காட்டியது. காற்றைப் பதப்படுத்தல் என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லை அதே ஆண்டில் உருவாக்கியவர் கேரியர் அல்லர். ஸ்டூவர்ட் கிராமர் என்னும் பஞ்சாலைப் பொறியியலாளர் ஆவார்.

இத்தொடக்கக்கால அமைப்புகள் முதன்மையாகத் தாளையும் நூலையும் காப்பதற்கே அமைக்கப்பட்டன. தொழிலாளர் பெற்ற நலம் பெரும்பாலும் துணைவிளைவே.

அறிவியல் பங்களிப்பு

1911 இல் அமெரிக்க எந்திரப் பொறியியலாளர் கழகத்தில் கேரியர் ஓர் ஆய்வுரையை அளித்தார். காற்றின் வெப்பநிலை, ஈரப்பதன், பனிநிலை ஆகியவற்றுக்கிடையிலான தொடர்புகளை அது சமன்பாடுகளாகவும் வரைபடமாகவும் தந்தது. இவற்றுள் இரண்டு அளவுகள் தெரிந்தால் ஏனையவற்றை வரைபடத்திலிருந்தே அறியலாம். அதன் வழிவந்த வரைபடங்கள் இன்றும் இத்துறையில் பயன்படுகின்றன.

தனி நிறுவனம்

முதல் உலகப்போர் தொடங்கிய பின்னர், பஃபலோ ஃபோர்ஜ் தனது பணியை உற்பத்தியோடு நிறுத்திக்கொள்ள முடிவு செய்தது. 1915 இல் கேரியர் உட்பட ஏழு பொறியியலாளர்கள் 32,600 டாலர் முதலீட்டில் கேரியர் பொறியியல் நிறுவனத்தைத் தொடங்கினர். 1922 இல் கேரியர் மையவிலக்குக் குளிரூட்டும் எந்திரத்தை அறிமுகப்படுத்தினார். நச்சுத்தன்மையுள்ள அமோனியாவை அது பயன்படுத்தாததால், மக்கள் கூடும் இடங்களுக்கும் வளிபதனம் செல்ல வழி பிறந்தது. 1924 இல் டெட்ராய்ட்டின் ஹட்சன் பேரங்காடியிலும், 1925 இல் நியூ யார்க்கின் ரிவோலி திரையரங்கிலும் இது நிறுவப்பட்டது. 1930 இல் வேறு இரு நிறுவனங்களுடன் இணைந்து இது கேரியர் கார்ப்பரேசன் ஆயிற்று.

மறைவு

கேரியர் 1950 இல் நியூ யார்க் நகரில் காலமானார். இவருடைய உடல் பஃபலோ நகரில் அடக்கம் செய்யப்பட்டது. 1985 இல் இவருடைய பெயர் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழவையில் சேர்க்கப்பட்டது.