டாக்டர் வித்யாசாகர்

கடலூர் ஜில்லாவின் மேற்குப் பகுதியில், வெள்ளாற்றங்கரையில் உள்ள திட்டக்குடியிலே கோயில் கொண்டிருக்கும் ஈசனுக்கு வைத்தியநாதன் என்பது திருநாமம். உடற்பிணிக்கு அவ்வூரில் சர்க்கார் ஆஸ்பத்திரியும் உண்டு. ஆயினும் ஒரு வாலிபன் திடீரெனப் பேச்சொழிந்து மூலையில் முடங்கினாலோ, ஓர் இளம்பெண் இரவெல்லாம் உறங்காது பிதற்றினாலோ, அக்குடும்பத்தார் முதலில் நாடுவது வைத்தியரையா, குறி சொல்பவரையா என்பதை நேயர்களே அறிவர். 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோரில் 28 பேர் தீக்கிரையாயினர். அத்தகையோரை அவ்விடத்தில் விட்டுச் சென்றவர் பகைவரல்லர். பெரும்பாலும் பெற்றோரும் உடன்பிறந்தாருமே. வேறு என்ன செய்வதென்று அவர்களுக்குக் கற்பித்தவர் ஒருவருமில்லை. அவ்வாறு கற்பிப்பதையே தமது வைத்தியமாகக் கொண்ட ஒருவரின் சரிதத்தை இன்று எழுதப் புகுகின்றோம்.

1947-ல் தேசம் துண்டாடப்பட்ட போது நிலமும் பணமும் பங்கிடப்பட்டதை யாவரும் அறிவோம். சித்தப்பிரமை கொண்டோரும் பங்கிடப்பட்டனர் என்பதைப் பலர் அறியார். லாகூர் மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்த ஹிந்து, சீக்கிய நோயாளிகள் 1950-ல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். பலர் அமிர்தசரஸ் வந்து சேர்ந்தனர். உருது ஆசிரியர் மண்டோ 1955-ல் வெளிவந்த தமது கதையொன்றில் இவ்வவலத்தை அழியாமல் பதித்துவிட்டார். அந்த அமிர்தசரஸ் ஆஸ்பத்திரிக்குத் தலைமை வைத்தியராக அமர்ந்தவரே டாக்டர் வித்யாசாகர்.

அந்நாளில் மனநோய் ஆஸ்பத்திரி என்றால் உயர்ந்த மதிலும் பூட்டுமே. உள்ளே சென்றவனை உறவினர் மறந்துவிடுவர். குணமடைந்தாலும் அழைத்துப் போக ஆளிராது. நாடு முழுவதும் இத்தகைய ஆஸ்பத்திரிகளில் சுமார் பதினாயிரம் படுக்கைகளே இருந்தன என்பது 1946-ல் வெளியான போர் கமிட்டி அறிக்கையினின்று தெரியவரும். நாற்பது கோடி ஜனங்களுக்கு அது எம்மாத்திரம்? பயின்ற வைத்தியர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்.

வித்யாசாகர் பணத்துக்கும் கட்டடத்துக்கும் காத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியோடு அவன் தாயையோ தமையனையோ மனைவியையோ தங்கச் செய்தார். உறவினர் அருகிருந்து உணவூட்டினர், மருந்து கொடுத்தனர். அவர்களைக் கூட்டி அமர்த்தி, இந்நோய் பேயின் சேஷ்டையோ பூர்வ பாவமோ அன்று என்பதையும், நோயாளியிடம் எவ்வாறு பேசவேண்டும், எப்போது பொறுமை காக்கவேண்டும் என்பதையும் அவர்களுக்குப் பழக்கமான கதைகளின் வாயிலாக எடுத்துரைப்பார். வந்தவர்கள் நோயைக் கண்டு அஞ்சுவதை விட்டார்கள். நோயாளியை உடன் அழைத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். தாம் கற்றதைத் தம் கிராமத்தாருக்கும் கூறினார்கள். குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்ப்பதில் மேனாட்டார் பலருக்கு அவர் முன்னோடி என்பது எமது துணிபு.

பின்னர் ரோத்தக் வைத்தியக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்து இளைஞர்களைப் பயிற்றினார். 1978-ல் காலமானார். அவர் எழுதி வைத்தது மிகச் சொற்பம். இது ஒரு குறையே. அவரது முறையில் பெரும்பகுதி, அருகிருந்து கண்டவர்களின் நினைவில்தான் தங்கிற்று. இன்று அமிர்தசரஸ் ஆஸ்பத்திரியும் டில்லியில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஆயினும் பெயரைத் தாங்குவது எளிது.

போர் கமிட்டி கோரிய பயிற்சி ஸ்தாபனம் பெங்களூரில் 1954-ல் எழுந்தது. 1996-ல் ஜில்லா மனநலத் திட்டமும், 2017-ல் புதிய சட்டமும் வந்தன. ஜில்லாவின் தலைநகரில் ஒரு நிபுணர் அமர்வதால் திட்டக்குடிக்கு என்ன பயன்? அங்குள்ள பள்ளி ஆசிரியரும், கிராமச் சுகாதாரச் செவிலியரும், அங்கன்வாடி ஊழியரும் அன்றோ குழந்தையின் முகவாட்டத்தை முதலில் காண்பவர்! அவர்களுக்கு ஆண்டுக்கொரு நாள் சொற்பொழிவாற்றிச் சான்றிதழ் வழங்குவதைப் பயிற்சி என்று நாம் ஒப்ப மாட்டோம். நோயாளியும் குடும்பமும் உள்ள இடத்தில், மாதக்கணக்கில் அனுபவஸ்தரோடு இருந்து பழகுவதே பயிற்சி. வித்யாசாகரின் கூடாரங்களில் நடந்தது அதுதான்.

இது நம் பக்கத்தில் ஆகாத காரியமென்று எவரேனும் கூறினால், அவர்கள் வேலூருக்குச் சென்று பார்க்கட்டும். அங்குள்ள கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த மனநல நிலையம் 1957 முதலே குடும்பத்தாரை நோயாளியுடன் தங்க வைத்து வருகிறது. அதன் நம்பிக்கை நிலையத்தில், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் தாய்மார் பிள்ளைகளோடு கூடவே இருந்து, அவர்களை வளர்க்கும் வகையைக் கற்றுச் செல்கின்றனர்.