இருபதில் ஒன்று

புள்ளியியல் பயிலும் நான் அடிக்கடி நினைந்து வியக்கும் அறிஞர் ரொனால்டு பிஷர். 1890இல் லண்டனில் பிறந்த அவருக்கு இளமையிலேயே பார்வை குன்றியிருந்தது. தாளும் எழுதுகோலுமின்றி மனத்திலேயே கணக்கைக் கண்டு பழகினார். முதல் உலகப் போரில் படையில் சேர விரும்பினார், கண்கள் தடுத்தன. பள்ளி ஆசிரியரானார்.

1919இல் ரோதாம்ஸ்டெட் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1843 முதல் நடந்த வயற் சோதனைகளின் கணக்குகள் அங்கே குவிந்து கிடந்தன. விளைச்சல் கூடியது உரத்தாலா, தற்செயலாலா? இதுவே அவர்முன் நின்ற கேள்வி. 1925இல் வெளியிட்ட நூலில், தற்செயலை ஒதுக்குதற்கு இருபதில் ஒன்று என்னும் எல்லையை வசதி கருதிக் குறித்தார்.

1935இல் வந்த நூலில் ஒரு தேநீர்ச் சோதனையால் இதனை விளக்கினார். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்பதைச் சுவைத்தே அறிய வல்லவராம் ஓர் அம்மையார். எட்டுக் கோப்பைகள்; வகைக்கு நான்கு. எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. ஆகவே, வெறும் ஊகத்தால் எல்லாம் சரியாக அமையும் வாய்ப்பு 70இல் ஒன்று, ஏறத்தாழ 0.014. இதுவே பி-மதிப்பு.

நண்பர்களே, அம்மையாருக்குத் திறமை இல்லாதிருக்கும் வாய்ப்பு அன்று இது. திறமை இல்லையென்றே கொண்டால், இத்தகைய முடிவு கிட்டும் வாய்ப்பு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் இன்றும் பலர்.

கல்கத்தாவில் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கும் பிஷர் பலமுறை வந்தார். 1962இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் மறைந்தார்.

ஒரே சோதனையால் உண்மை நிலைபெறாது. மீண்டும் மீண்டும் செய்து காண வேண்டும் என்பது அவர் கொள்கை. 0.049 கண்டு துள்ளி, 0.051 கண்டு சோரும் நாம் அவர் குறித்த எல்லையைப் பிடித்துக்கொண்டோம், கொள்கையை விட்டுவிட்டோம்.