நோயாளியின் கையில் இயந்திரத்தைக் கொடுத்த வைத்தியர்

அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலுள்ள சியாட்டில் நகரில், நீர்மேல் மிதந்த படகுவீடொன்றிலே நெடுங்காலம் வாழ்ந்தவர் வைத்தியர் பெல்டிங் ஸ்கிரிப்னர். சிறு தோணியொன்றைத் தாமே வலித்துக்கொண்டு பல்கலைக்கழக வைத்தியசாலைக்குச் செல்வார். கண்பார்வை குன்றிய அவர், விழிவெண்படல மாற்றுச் சிகிச்சைகள் பலவற்றுக்கு உட்பட்டவர். நோயாளியாய்க் கிடப்பது யாதென்பதை அவர் நூலில் மட்டும் கற்றவரல்லர்.

1921 ஆம் ஆண்டு சிக்காகோவிற் பிறந்த ஸ்கிரிப்னர், 1951 இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அந்நாளிற் சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தவனுக்கு மரணமே முடிவாயிருந்தது. ஒல்லாந்தரான வில்லெம் கொல்ப் 1943 இலேயே குருதியைச் சுத்திகரிக்கும் செயற்கைச் சிறுநீரகத்தை இயக்கிக் காட்டியிருந்தார். ஆயினும், ஒவ்வொரு தடவையும் நாடியையும் நாளத்தையும் புதிதாக அறுத்துத் திறக்கவேண்டும். சில தடவைகளில் அறுப்பதற்கு இடமின்றிப் போய்விடும். எனவே, சில வாரங்களிற் தானே தேறக்கூடிய சிறுநீரகத்துக்கே அப்பொறி துணைசெய்தது.

1960 இன் தொடக்கத்தில் நினைவிழந்து வந்த ஒருவர் அப்பொறியால் நினைவு மீண்டு எழுந்தார். ஆனால், அவரது சிறுநீரகங்கள் இனித் தேறமாட்டா எனத் தெரிந்தது. தெளிந்த அறிவோடிருந்த அம்மனிதரை இறப்பதற்கென்றே வீட்டுக்கு அனுப்ப நேர்ந்தது. அத்துயரம் ஸ்கிரிப்னரை உறங்கவிடவில்லை. நள்ளிரவில் விழித்தபோது வழி புலப்பட்டது: நாடியில் ஒரு குழாயும் நாளத்தில் ஒரு குழாயும் நிலையாகப் பொருத்தி, சுத்திகரிப்பு நடவாத வேளைகளில் அவ்விரண்டையும் தோலுக்கு வெளியே வளைகுழாயொன்றால் இணைத்துவிடுதல். பொறியியலாளர் வேய்ன் குவின்டன், குருதி எளிதில் உறைந்து ஒட்டாத டெப்லோனினால் அதனைச் செய்தார். சத்திரசிகிச்சை நிபுணர் டேவிட் டிலார்ட் அதனைப் பொருத்தினார். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அதனைப் பெற்ற கிளைட் ஷீல்ட்ஸ் என்னும் தொழிலாளி மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இந்தக் குழாய் நோயாளியின் கையிலேயே இரவும் பகலும் கிடப்பது. அதைத் துப்புரவாய் வைத்திருப்பதும், குருதி உறைகிறதா எனக் கவனிப்பதும் அவனுடைய வேலையாயின. நோயாளி தன் நோய்க்குத் தானே காவலனாவது இங்கேதான் தொடங்கிற்று எனலாம்.

உயிர்காக்கும் வழி பிறந்ததும் வேறொரு கொடுமை எழுந்தது. 1962 இல் திறக்கப்பட்ட சியாட்டில் செயற்கைச் சிறுநீரக நிலையத்தில் இடம் மிகச் சில. வேண்டி நின்றோரோ பலர். பொதுமக்கள் எழுவர் கொண்ட குழுவொன்று, பெயரை வெளியிடாது இருந்து, குடும்பம், தொழில், வருமானம், தேவாலய வழிபாடு முதலியவற்றையும் நோக்கி, யார் பிழைப்பது என்று முடிவுசெய்தது. அவ்வெழுவரைப் பழிப்பது எளிது. அவ்விருக்கையில் அமர நம்மில் எத்தனைபேர் துணிவோமோ!

1964 இல் பள்ளிச் சிறுமியொருத்தி அங்கு ஏற்கப்படவில்லை. ஸ்கிரிப்னர் பொறியியற் பேராசிரியர் ஆல்பர்ட் பாபை நாடினார். பாப் குழுவினர் சில மாதங்களுக்குள் வீட்டில் வைத்து இயக்கத்தக்க சிறு இயந்திரமொன்றை அமைத்தனர். சுத்திகரிப்புக் கரைசலைத் தானே கலந்து, பிழை நேர்ந்தால் ஒலியெழுப்பி எச்சரிக்கும் பொறி அது. சிறுமியின் வீட்டாருக்கு அதனை இயக்கக் கற்பித்தனர். இடமில்லை என்று திருப்பப்பட்டவள் தன் வீட்டிலேயே சிகிச்சை பெற்று மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தாள்.

ஏறக்குறைய அதே காலத்தில் லண்டனிலும் பொஸ்ரனிலும் இம்முயற்சி நடந்தது. எனினும், அதனை ஓர் ஊரின் வழக்கமாகவே ஆக்கியது சியாட்டில். தச்சனும் எழுதுவினைஞனும் இல்லத்தரசியும் இயந்திரத்தைப் பூட்டக் கற்றனர். குருதியமுக்கத்தையும் நிறையையும் தாமே குறித்தனர். உப்பையும் நீரையும் அளந்து உட்கொண்டனர். இரவில் உறங்கும்போதே குருதி சுத்தமாக, காலையில் தொழிலுக்குச் சென்றோர் உண்டு. செலவு குறைந்தது, குறையவே மேலும் பலருக்கு இடமும் கிடைத்தது. இதனோடு வைத்துப் பார்க்கையில் அந்தக் குழாய் சிறியதென்றே இக்கட்டுரையாளன் கருதுகிறான். 1966 இல் நாடியையும் நாளத்தையும் உடலுக்குள்ளேயே இணைக்கும் முறை வெளிவந்தபின் குழாய் மெல்ல வழக்கொழிந்தது. வீட்டுச் சிகிச்சை வழக்கொழியவில்லை.

தளர்ந்தது உண்மை. 1972 இல் அமெரிக்க அரசு இச்சிகிச்சைச் செலவை ஏற்கச் சட்டமியற்றியதும், யாரைக் காப்பது என்ற கொடுந்தேர்வு ஒழிந்தது. ஆனால் இலாபநோக்குள்ள நிலையங்கள் பெருக, வீட்டிற் சிகிச்சை செய்வோரின் விகிதம் சுருங்கிற்று. ஸ்கிரிப்னருக்கு அது உடன்பாடன்று. குறைந்த மணி நேரத்தில் விரைந்து முடிக்கும் சுத்திகரிப்பையும் அவர் இறுதிவரை எதிர்த்தார். 2002 இலும், நீண்ட நேரமும் அடிக்கடியும் செய்வதன் நன்மையை விளக்கி, இன்னொரு வைத்தியருடன் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்.

அவ்வாண்டிலே கொல்புடன் சேர்த்து அவருக்கு லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது. 2003 ஜூன் மாதத்தில், தமது 82 ஆவது வயதில், அவர் தம் படகுவீட்டருகே நீரில் மூழ்கி இறந்து கிடக்கக் காணப்பட்டார்.